படலையில் தொடங்கும் வைத்தியம்

நோயாளி மாட்டைப் பார்க்கப் போகிற வீட்டில் நான் உடனே உள்ளே நுழைவதில்லை. மோட்டார் சைக்கிளை வீதியோரத்தில் நிறுத்திவிட்டு, பையைத் திறக்காமல், படலைக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்ப்பேன். மாடு நிற்கிறதா, படுத்திருக்கிறதா, அசை போடுகிறதா, வால் ஈயை விரட்டுகிறதா, கன்று கத்தினால் காது அந்தப் பக்கம் திரும்புகிறதா, நிற்கும்போது நாலு காலிலும் ஒரேயளவு பாரம் வைக்கிறதா என்று பார்ப்பேன். "உள்ளுக்கு வாங்கோ டொக்டர், ஏன் அதிலேயே நிக்கிறியள்?" என்று வீட்டுக்காரர் கூப்பிடுவார். சற்றுப் பொறுக்கும்படி கையைக் காட்டுவேன். நான் உள்ளே கால் வைத்தவுடன் அந்த மாட்டின் நிலை மாறிவிடும். அதற்கு முன் அது தன்பாட்டில் எப்படி இருந்தது என்பதை அறிய எனக்குக் கிடைப்பது அந்தச் சில நிமிடங்கள்தான்.

மாடும் ஆடும் இரையாகும் இனங்கள். நொண்டுகிற விலங்கைத்தான் சிறுத்தை முதலில் குறிவைக்கும். ஆகவே வலியை மறைக்கத் தெரிந்தவை பிழைத்தன. அந்த இயல்பைத் தம் குட்டிகளுக்கும் கொடுத்தன. காய்ச்சலில் தலை தொங்க நின்ற பசுகூட, முன்பின் தெரியாத ஆள் ஒருவர் கிட்ட வந்தால் தலையை நிமிர்த்திக் காதை விறைப்பாக்கும். நெஞ்சு படபடக்கும், மூச்சு கூடும், கயிற்றோடு மல்லுக்கட்டினால் உடல்வெப்பமும் ஏறும். அந்த நேரத்தில் நாடியையும் வெப்பத்தையும் அளந்தால், அதில் நோயின் பங்கு எவ்வளவு, பயத்தின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. விலங்கின் நடத்தையை அறிந்து பழகுவது இரக்கமுள்ள வைத்தியரின் நல்ல குணம் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது நோயறிதலின் முதற் படி. அந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் பின்னால் வருகிற மருந்தும் ஊசியும் ஊகத்தின் மேல்தான் நிற்கும்.

நெளுக்குளம் வவுனியா நகரத்துக்கு மேற்கே குளமும் வயலும் வீட்டுக் காணிகளுமாகக் கிடக்கிற ஊர். இங்கே இரண்டு வகை மாடுகளைப் பார்க்கிறோம். ஒன்று, வீட்டுக் கொட்டிலில் கட்டி வளர்க்கிற ஜேர்சிக் கலப்புப் பசு. அது பிறந்ததிலிருந்து மனிதர் கையில் புண்ணாக்கும் தவிட்டுத் தண்ணீரும் கண்டது. வீட்டு அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டாலே பால் மடியில் இறங்கும். மற்றது, பம்பைமடு, பூவரசங்குளம் என்று காட்டோரமாகப் போகப் போக நாம் காண்கிற பட்டி மாடு. பெரும்போகத்தில் வயல் விதைத்துவிட்டால் அது காட்டுப் பக்கம் சாய்க்கப்படும். அறுவடை முடிந்தபின் வயலுக்கு இறங்கும். இரவில் முட்கம்பிப் பட்டியில் அடையும். மனிதர் அதற்குத் தூரத்தில் கேட்கும் ஒரு குரல். கிட்ட வந்த மனிதர் என்றால், கன்றாக இருந்தபோது குறி சுட்டவர்தான். இந்த இரண்டு மாடுகளுக்கும் ஒரே நோய் வரலாம், ஒரே மருந்தும் கொடுக்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி அணுகினால் ஒன்றில் வைத்தியம் நடக்கும், மற்றதில் கால் முறியும்.

இலங்கையில் கால்நடை வைத்தியம் படிப்பதற்கு இருப்பது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பீடம் ஒன்றுதான். உடற்கூறும் மருந்தியலும் சத்திரசிகிச்சையும் அங்கே எனக்கு ஊட்டினார்கள். பட்டி மாட்டின் முன்னால் எப்படி நிற்பது என்பதைக் கற்றுத்தந்தவர்கள் வன்னியின் பட்டிக்காரர்கள்.

2014இல் கால் வாய் நோய் நாட்டின் பல மாவட்டங்களில் பரவியபோது பட்டி பட்டியாகத் தடுப்பூசி ஏற்றினோம். ஒரு பட்டியில் உதவிக்கு வந்த இளைஞர்கள் தடியோடு உள்ளே இறங்கி விரட்டத் தொடங்கினார்கள். மாடுகள் ஒரு மூலையில் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு சுழன்றன. கன்றுகள் காலுக்குள் அகப்பட்டன. பட்டிக்குச் சொந்தக்கார அப்பு வேலியோரம் நின்று பார்த்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "பொடியள், தடியைக் கீழ போட்டிட்டு வெளியில வாங்கோ. சத்தம் போடாதையுங்கோ. அதுகள் தாங்களா வருங்கள்."

எல்லாரும் வெளியே வந்தபின் அவர் கொஞ்ச நேரம் ஒன்றுமே செய்யவில்லை. மாடுகளின் விலா ஏறி இறங்குவது தணியும்வரை காத்திருந்தார். பிறகு தனியாக உள்ளே போனார். நேராக மாடுகளை நோக்கி நடக்காமல், அவற்றைப் பார்க்காதவர் போலப் பக்கவாட்டாக, இங்கும் அங்குமாக மெல்ல நடந்தார். வாயில் அந்தப் பட்டிக்கே உரிய தாழ்ந்த ஓசை. அவர் ஓர் எல்லையைத் தொட்டதும் கிட்ட நின்ற மாடு ஓரடி நகரும். உடனே அவர் நின்றுவிடுவார், சில நேரம் ஓரடி பின்வாங்குவார். மாடும் நிற்கும். மறுபடி ஓரடி வைப்பார். எந்த மாடு முன்னே போனால் மற்றவை தொடரும் என்பது அவருக்குத் தெரியும். வயதான ஒரு செவலைப் பசுவின் தோளுக்குச் சற்றுப் பின்னால் போய் நின்றார். அது ஒடுங்கிய வழிக்குள் நடந்தது. மற்றவை அதன் பின்னால் வரிசையாக வந்தன. நாங்கள் மரச்சட்டத்துக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாக ஊசி ஏற்றினோம். கயிறு எறியவும் இல்லை, விழுத்தவும் இல்லை.

அவர் செய்ததற்கு அறிவியல் விளக்கம் இருக்கிறது. மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்தவை. தன்னைச் சுற்றி ஏறத்தாழ 330 பாகைக்கு அது பார்க்கும். நேர் பின்னால் மட்டும் ஒரு குறுகிய பகுதி மறையும். அந்தப் பகுதியிலிருந்து வருகிறவருக்கு உதை விழுவது அதனால்தான். ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் பிறரை விடாத ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையின் ஓரத்தைத் தொட்டால் மாடு நகரும். ஆழமாகப் புகுந்தால் ஓடும், அல்லது திரும்பிப் பாயும். தோள்பட்டையே சமநிலைக் கோடு. ஆள் அதற்குப் பின்னால் வந்தால் மாடு முன்னே போகும், முன்னால் வந்தால் நிற்கும் அல்லது பின்வாங்கும். கொட்டில் பசுவுக்கு அந்த எல்லை ஒரு முழம்கூட இல்லை. பட்டி மாட்டுக்குப் பல யார்.

இதை உலகமெங்கும் பண்ணைகளுக்குக் கொண்டுபோனவர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியை டெம்பிள் கிராண்டின். ஓட்டிசம் உள்ள அவர், மாடுகள் போகிற ஒடுங்கிய பாதைக்குள் தானே இறங்கி, அவற்றின் கண் மட்டத்தில் நின்று பார்த்தார். ஆடுகிற சங்கிலி, தரையில் விழுகிற நிழல், வேலியில் தொங்குகிற சட்டை என்று மனிதர் கவனிக்காத சின்னப் பொருள்களே மாட்டை மறிக்கின்றன என்று காட்டினார். எங்கள் பக்கத்தில் அது முட்கம்பியில் சிக்கிப் படபடக்கிற பொலித்தீன் பையாக இருக்கும், கொட்டில் வாசலில் வெயிலும் நிழலும் வெட்டுகிற கோடாக இருக்கும், சாணமும் மூத்திரமும் சேர்ந்து வழுக்குகிற சீமெந்துத் தரையாக இருக்கும். அந்தப் பையை அகற்றுங்கள், தரையில் கொஞ்சம் மணலோ வைக்கோலோ போடுங்கள். பாதி மல்லுக்கட்டு குறைந்துவிடும். விசில், இரும்புக் கதவின் கிறீச்சிடல் போன்ற கூர்மையான ஒலிகளும் அப்படித்தான். நம் காது 20,000 ஹேர்ட்ஸோடு நிற்கிறது, மாட்டின் காது 35,000 வரை எட்டும். நமக்கு மெல்லியதாகக் கேட்கும் இரைச்சல் அதற்குப் பெருந்தொல்லை.

பயம் பாலையும் நிறுத்தும். 1941இல் அமெரிக்காவில் ஈலி, பீற்றர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பால் கறக்கும் நேரத்தில் பசுவின் முதுகில் பூனையை வைத்தும் காகிதப் பைகளை வெடிக்கச் செய்தும் பயமுறுத்தினார்கள். மடியில் பால் இருந்தும் இறங்கவில்லை. பாலை இறக்குவது ஒக்சிரோசின் என்ற ஓமோன். பயத்தில் சுரக்கிற அட்ரினலின் அதன் வேலையைத் தடுக்கிறது. இறங்காத பால் மடியிலேயே தேங்கினால் பால் குறையும், மடிவீக்கத்துக்கும் வழி பிறக்கும். ஆகவே பால் கறக்கிற இடத்தில் வைத்து ஊசி போட வேண்டாம் என்று நான் வீட்டுக்காரரிடம் கேட்பேன். மாடு ஆளையும் இடத்தையும் சேர்த்து நினைவில் வைக்கும். ஊசியும் வலியும் ஒரு மூலையில், புண்ணாக்கும் கறவையும் இன்னொரு மூலையில் என்று பிரித்துவிட்டால் அடுத்த நாள் பால் குறைவதில்லை. கன்றைத் தாயின் முகத்துக்கு நேரே கட்டிவிட்டுக் கறக்கிற நம் ஊர் வழக்கமும் இதே அறிவில் பிறந்ததுதான். கன்றை நக்க நக்க ஒக்சிரோசின் சுரக்கும்.

நோயறிதலுக்கு வருகிறேன். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை வைத்தியர் பெஞ்சமின் ஹார்ட், 1988இல் எழுதிய கட்டுரையில் ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார். நோயாளி விலங்கு சோர்ந்து கிடப்பதும் தீனியை விடுவதும் தன்னைத் துப்புரவாக்காமல் விடுவதும் உடல் பலவீனத்தால் மட்டும் வருவதில்லை. சக்தியைச் சேமித்துக் காய்ச்சலோடு கிருமியை எதிர்க்க உடல் வகுத்துக்கொண்ட ஒழுங்கு அது என்றார். இதைப் படித்தபின் "மாடு சோம்பிப்போய் நிக்குது" என்று வீட்டார் சொன்னால் அதை ஓர் அறிகுறியாகவே என் குறிப்பில் எழுதுகிறேன்.

ஒவ்வொரு வலிக்கும் ஒரு நிலை உண்டு. முதுகை வளைத்து, முன்னங்கால் முழங்கைகளை வெளியே அகற்றி, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கத் தயங்குகிற பசுவைக் கண்டால், தீனியோடு கம்பித்துண்டோ ஆணியோ விழுங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். வேலியும் வீடும் பலமுறை சிதைந்து மறுபடி எழுந்த வன்னியில் புல்லுக்குள் கம்பிக்குக் குறைவில்லை. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பின்னங்காலால் உதைப்பது வயிற்று வலி. கன்று ஈன்று ஓரிரு நாளில் எழும்ப முடியாமல், கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் படுத்தால் அது கல்சியம் குறைந்த பால் காய்ச்சல். நல்ல பராமரிப்பில் இருந்தும் மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கிற மாடு ஏதோ சொல்கிறது. கன்று ஈனப்போகிற பசுவும் ஒதுங்கும். இரண்டையும் வேறுபடுத்த, அது நேற்று எங்கே நின்றது என்று தெரிந்தவர் ஒருவர் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் பால் கறக்கிற பெண்.

நெளுக்குளத்தில் ஒரு வீடு. கன்று ஈன்று மூன்று கிழமையான கலப்புப் பசு. தொலைபேசியில் அக்கா அழாத குறையாகச் சொன்னார்: "டொக்டர், மாட்டுக்கு விசர் பிடிச்சிட்டுது போல கிடக்கு. விடிஞ்சதிலயிருந்து கப்பை நக்கிக்கொண்டே நிக்குது. நாய் ஏதும் கடிச்சுதோ தெரியேல்லை." ஒருவரையும் கிட்டப் போகவிட வேண்டாம், பால் கறக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனேன். பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். பசு கொட்டில் கப்பை நக்கியது, பிறகு தன் தோளை, பிறகு வெறும் கட்டையை. இடையிடையே வெறுவாயை மென்றது. வாயில் நுரை தெரிந்தது.

நான் வேலியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே கேள்விகளைக் கேட்டேன். கத்தும் குரல் மாறியிருக்கிறதா? இல்லை. பின்னங்கால் தள்ளாடுகிறதா? அதுவும் இல்லை. தண்ணீர் குடித்ததா? குடித்தது, விழுங்குவதை நானே பார்த்தேன். தீனி? "புண்ணாக்கு வைச்சால் மணந்து பாத்திட்டு முகத்தைத் திருப்புது. வைக்கோலை மட்டும் கொஞ்சம் கடிக்குது. பால் நாலு நாளாக் குறைஞ்சு கொண்டுதான் வந்தது." அக்கா கூப்பிட்டபோது பசு நக்குவதை நிறுத்தி அவரைத் திரும்பிப் பார்த்தது. நல்ல பால் மாடு, ஈன்று மூன்று கிழமை, புண்ணாக்கை மறுத்து வைக்கோலைத் தின்கிறது, பால் படிப்படியாகக் குறைந்திருக்கிறது. இவை எல்லாம் ஒரே பக்கம் கை காட்டின. பால் கொடுக்கிற வேகத்துக்குத் தீனியிலிருந்து சர்க்கரை கிடைக்காமல், உடம்பின் கொழுப்பு கரைந்து, கீற்றோன்கள் இரத்தத்தில் பெருகுகிற நோய். மூளைக்கு வேண்டிய குளுக்கோசு குறையும்போது சில பசுக்கள் இப்படி நக்கத் தொடங்கும்.

ஆனாலும் கையுறை போட்டேன். வாய்ப் பக்கம் போகவில்லை. பசு மூத்திரம் பெய்யும்வரை காத்திருந்து, தரையில் விழுமுன் ஏந்திச் சோதனைத் தாளை நனைத்தேன். தாள் ஊதா நிறமானது. அக்காவை மாட்டின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், கழுத்துக்குப் பக்கவாட்டில் நின்று கதைத்துக்கொண்டே இருக்கச் சொன்னேன். நான் தோள் பக்கமாக, பேசிக்கொண்டே கிட்டப் போய், கழுத்து நாளத்தில் 50 வீத டெக்ஸ்ரோஸ் கரைசல் 500 மில்லிலீற்றர் மெதுவாக ஏற்றினேன். பின்னேரமளவில் நக்குவது நின்றது. தொடர்ந்து சில நாள் வாயால் கொடுக்க மருந்தும், தீனியைக் கூட்டும் முறையும் சொல்லிக் கொடுத்தேன். விசர் என்று எண்ணி விட்டுவிட்டிருந்தால் அந்தக் குடும்பம் தன் வருமானத்தையே இழந்திருக்கும்.

எதிர்ப்பக்கத்து நிலைமை உயிரையே கேட்கும். மாட்டுக்கு விசர் நோய் வரும்போது பல வீடுகளில் முதலில் சொல்வது, "தொண்டையில என்னவோ சிக்கிட்டுது டொக்டர்" என்பதுதான். எச்சில் நூலாக ஒழுகும், விழுங்க முடியாமல் தவிக்கும், கழுத்தை நீட்டும். மாங்கொட்டை சிக்கியது போலவே இருக்கும். அன்பினால் யாராவது கையை வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்கள். அந்த எச்சிலில்தான் கிருமி இருக்கிறது. உண்மையில் அடைத்த மாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தபோதே சடுதியாக வரும். வாயு வெளியேற வழியின்றி இடப்பக்க வயிறு ஊதும். விசர் மாட்டின் குரல் கரகரத்து, அடங்காமல் கத்தும், பின்னங்கால் தள்ளாடும், வீணாக முக்கும், பழகிய வீட்டாரையே முட்ட வரும், அல்லது அடியோடு அடங்கிப்போகும். சாதுவான மாடு முரடாவதும், முரட்டு மாடு சாதுவாவதும் ஒரேயளவு ஆபத்தான செய்தி. நாயிலும் பூனையிலும் காட்டு நரியிலும் இதே விதிதான்.

அப்படிச் சந்தேகம் வந்தால் வாய்ப் பக்கம் யாரும் போகக்கூடாது. எச்சில் பட்ட கையையும் காயத்தையும் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கால் மணித்தியாலம் கழுவ வேண்டும்; அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். விலங்கு இறந்தால் மூளை மாதிரி கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பரிசோதிக்கப்படும். நோய் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரும் தப்புவது அரிது. அதற்கு முன் ஊசி போட்டால் உயிர் நிற்கும். இந்த இடைவெளியில் நமக்கு இருக்கிற ஒரே எச்சரிக்கை, விலங்கின் நடத்தை மாறியதை யாராவது கவனிப்பதுதான்.

நடத்தை அறிவு வீட்டுக்கு நேரடியாக வருமானம் தருகிற இடம் சினைப்படுத்தல். பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வேட்கைக்கு வரும். மற்ற மாடு ஏறும்போது விலகாமல் நிற்பதே உறுதியான அடையாளம். காலையில் அதைக் கண்டால் பின்னேரமும், பின்னேரம் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுவது நல்ல பலன் தரும். ஆனால் நாட்டு மாட்டிலும் அதன் கலப்பிலும் வேட்கை குறுகியது, பலவேளை இரவில் வரும். வன்னி வெயிலில் பகல் முழுக்க நிழலில் ஒதுங்குகிற மாடு பகலில் ஒன்றையும் காட்டாது. தனியாகக் கட்டிய பசுவுக்கு ஏறுவதற்கும் ஏறவிடுவதற்கும் துணை இல்லை. "எத்தனை தரம் ஊசி போட்டும் சினை நிக்குதில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, இரவு படுக்கப் போகுமுன் ஒருமுறையும் விடியுமுன் ஒருமுறையும் கொட்டிலுக்குப் போய்ப் பாருங்கள் என்பதே. சளி போன்ற தெளிந்த ஒழுக்கு, வழக்கமில்லாத கத்தல், சடுதியாகக் குறைந்த பால், அமைதியின்மை ஆகியவற்றைத் திகதியோடு சுவர்க் கலண்டரில் குறித்தால் அடுத்த முறை எப்போது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஊசி போட்டபின் வெயிலில் ஓட்டிப்போகாமல், அடிக்காமல், நிழலில் அமைதியாக விடுங்கள் என்றும் சொல்லுவேன்.

வன்னியில் வேலை செய்கிறவர் போரைத் தாண்டி மாட்டைப் பற்றிப் பேச முடியாது. 2009இல் மக்கள் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டிருந்தபோது அவர்களுடைய மாடுகள் காடுகளிலும் வெறிச்சோடிய ஊர்களிலும் தன்னந்தனியே அலைந்தன. திரும்பி வந்தவர்கள் சூட்டுக் குறியைப் பார்த்துத் தங்கள் மாட்டை இனங்கண்டார்கள். ஆனால் மாடு ஆளை விட்டு விலகிப் போயிருந்தது. கயிற்றைக் கண்டால் ஓடும். பெரிய சத்தம் கேட்டால் வேலியை முறிக்கும். பலமாகப் பிடித்துக் கட்டியவர்களிடம் அது நாள்பட முரடாகவே நின்றது. பொறுமையாக இருந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் தவிட்டுத் தண்ணீர் வைப்பார்கள்; பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்; கொஞ்சம் தள்ளிக் குந்தியிருப்பார்கள், கையை நீட்ட மாட்டார்கள். அந்தத் தூரம் கிழமைக்குக் கிழமை சுருங்கியது. கடைசியில் மாடே வந்து கையை மணந்தது. இன்றும் கோயில் திருவிழா வெடிக்குக் கிட்டே சினை மாட்டைக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அந்த ஆண்டுகளே காரணம்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் பற்றி அதே 2009இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பண்ணையாளர்களிடம் கேட்டறிந்ததில், பசுக்களைப் பெயர் சொல்லி அழைக்கிற பண்ணைகளில் ஒரு பசு ஒரு கறவைக் காலத்தில் 258 லீற்றர் பால் கூடுதலாகத் தந்தது தெரிந்தது. பெயர் பாலைச் சுரக்காது. பெயர் வைக்கிறவர் அந்தப் பசுவைத் தனியாகப் பார்க்கிறார், தனியாகப் பழகுகிறார். பசு பயமில்லாமல் நிற்கிறது. லட்சுமி, வெள்ளச்சி என்று பெயர் வைக்கிற எங்கள் வீடுகளுக்கு இது புதிதில்லை.

மீள்குடியேறியவர்களுக்கு வாழ்வாதார உதவியாக ஆடுகள் வந்த நாள்களில் இந்த அறிவு இல்லாமையின் விலையைப் பார்த்தேன். வேறு மாவட்டத்திலிருந்து லொறியில் நெருக்கி ஏற்றி, வெயிலில் கொண்டுவந்து, வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆடு கூட்டமாக வாழ்கிற இனம். தனித்த ஆடு நாள் முழுக்கக் கத்தும், குழையைத் தொடாது. பயணக் களைப்பும் பயமும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க, மூக்கிலும் தொண்டையிலும் சும்மா கிடந்த கிருமி நுரையீரலுக்கு இறங்கும். நாங்கள் நிமோனியாவுக்கு மருந்து கொடுத்தோம். பிழைக்க வைத்தது மருந்தோடு சேர்ந்த வேறொன்று: அயல் வீட்டு ஆடுகளைச் சில கிழமை ஒரே கொட்டிலில் விட்டோம், பழகிய இலை எதுவென்று கேட்டு இப்பிலிப்பிலும் பலா இலையும் கட்டித் தொங்கவிட்டோம். துணை கிடைத்த ஆடு தின்னத் தொடங்கியது. உதவித் திட்டம் வகுக்கிறவர்கள் வீட்டுக்கு இரண்டு ஆடாவது சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அன்றிலிருந்து எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்லி வருகிறேன்.

நாயையும் பூனையையும் கையாளுவதில் என் தலைமுறை வைத்தியர்கள் நிறைய மாறியிருக்கிறோம். அமெரிக்கக் கால்நடை வைத்தியர் சோபியா யின் 2009இல் எழுதிய நூல், பயத்தைக் குறைத்து நாய் பூனைகளைக் கையாளும் முறைகளைப் படிப்படியாகக் காட்டியது. பயந்த பூனையின் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். அதைப் பார்த்து நீரிழிவு என்று முடிவுகட்டக் கூடாது. பெட்டிக்குள் இருக்கிற பூனையை இழுத்தெடுக்காமல், மேல் மூடியைக் கழற்றி, துவாயால் போர்த்தி, இருந்த இடத்திலேயே பார்க்கலாம். நாயை மேசையில் தூக்கி வைக்காமல் தரையில் குந்தியிருந்து பார்க்கலாம். உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது என்று "என்னை விடு" என்பதற்கு நாய் பல முறை அறிகுறி காட்டும். அதைக் கவனிக்காமல் விட்டால்தான் கடிக்கும். வாலை ஆட்டுகிற நாய் கடிக்காது என்பது தவறான நம்பிக்கை; உயர்த்தி விறைத்து ஆட்டுகிற வால் எச்சரிக்கை. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பேசக் கிடைத்தால் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்: ஓடாதே, கண்ணுக்குள் பார்க்காதே, மரம் போல அசையாமல் நில்.

1973இல் கொன்ராட் லோரென்ஸ், நிக்கோ டின்பேர்கன், கார்ல் வொன் ஃபிரிஷ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வாத்தையும் மீனையும் தேனீயையும் பொறுமையாகக் கவனித்து வாழ்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பரிசு மருத்துவத்துக்கானது. கவனிப்பதும் மருத்துவத்தின் பாகமே என்று உலகம் ஏற்றுக்கொண்டு இவ்வளவு காலமான பிறகும், எங்கள் ஊர்களில் அதற்கான வசதியும் நேரமும் ஒதுக்கப்படுவதில்லை. ஒரு வைத்தியருக்குப் பல ஊர்கள். பட்டியில் மாட்டை நிறுத்த மரச்சட்டம்கூட இல்லாத இடங்கள் ஏராளம். ஒவ்வொரு பால் உற்பத்தியாளர் சங்கமும் தன் ஊரில் நிழலுள்ள, வழுக்காத தரையுள்ள, பக்கம் அடைத்த ஒரு சட்டத்தையாவது கட்ட வேண்டும். புதிதாக வருகிற இளம் வைத்தியர்கள் பணியின் தொடக்கத்திலேயே ஒரு பட்டிக்காரரோடு சில நாள் நடக்க வேண்டும். இரண்டும் பெருஞ்செலவில்லாத காரியங்கள்.

கால்நடை வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் என் வேண்டுகோள் இது. எங்களை அழைக்குமுன் நான்கு கேள்விக்குப் பதிலைத் தேடி வையுங்கள். கடைசியாக அது வழமை போல இருந்தது எப்போது? எதைத் தின்கிறது, எதை மறுக்கிறது? மற்ற விலங்குகளோடு நிற்கிறதா, ஒதுங்குகிறதா? குரல், நடை, படுக்கிற விதம், உங்களைப் பார்க்கிற விதம் ஆகியவற்றில் எது மாறியது? "ஒண்டும் பெரிசா இல்லை டொக்டர், என்னவோ ஒரு மாதிரி நிக்குது" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். அந்த "ஒரு மாதிரி"யை நீங்கள் முதல் நாளே சொன்னால், மருந்து பலிக்கிற காலத்திலேயே நாங்கள் வந்து சேருவோம்.